அப்பாவுக்கு இரண்டு புள்ளிகள்

காலையில் குளிர் ஜக்கெற்றைக் கழற்றிக் கதிரையின் முதுகில் போட்டுவிட்டு நான் செய்கிற முதல் வேலை, செத்தவர்களைத் திரையில் திறப்பது. ரொறன்ரோவில் ஒரு நூலகத்தின் நிலக்கீழ்த் தளம் அது. யன்னல் கிடையாது. கணினி கொஞ்சம் முனகும், திரை வெளுக்கும், பிறகு கறுப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்து விழும். ஒரு புள்ளி ஒரு மரண அறிவித்தல். கொழும்பிலும் இங்கேயும் வெளியாகிற தமிழ்ப் பத்திரிகைகளில் வந்த அறிவித்தல்களைத் தட்டச்சு செய்து ஏற்றுவது என் உத்தியோகம். மிச்சத்தை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். சொற்கள் ஒத்துப்போகிற அறிவித்தல்களை அது கிட்டக் கிட்ட வைக்கும், ஒத்துப்போகாதவற்றை எட்டத் தள்ளும். கொஞ்ச நேரத்தில் திரை முழுக்க ஆட்கள் கூட்டங்கூட்டமாக நிற்பார்கள். என்னோடு வேலை செய்கிற ஹெலன் கோப்பியோடு வந்து எட்டிப் பார்த்து, "இன்றைக்கு உன்னுடைய ஆட்கள் எப்படி?" என்று கேட்பாள். "சுகமாக இருக்கிறார்கள்" என்று நானும் வாய் கூசாமல் சொல்லுவேன். ஊரில் யாராவது இதைக் கேட்டால் எனக்கு நல்ல பேச்சு விழும்.

தொடக்கத்தில் ஹெலனுக்கு எங்கள் அறிவித்தல்கள் பிடிபடவில்லை. அவளுடைய நாட்டு அறிவித்தல்களில் செத்தவர் மீன்பிடிக்கப் பிரியப்பட்டவராக இருப்பார், அப்பிள் பை நன்றாகச் செய்பவராக இருப்பார், ஒரு நாயும் துயரத்தில் பங்கெடுக்கும். எங்களுடையதில் அதெல்லாம் இல்லை. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார் என்று நேரே தொடங்கிவிடுவோம். பெயர் வருவதற்கு முதலே ஊர் வந்துவிடும். "ஆளைப் பற்றி ஒன்றுமே இல்லையே?" என்றாள். ஊரைச் சொன்னால் பாதி ஆளைச் சொன்ன மாதிரித்தான் என்று விளங்கப்படுத்தப் பார்த்தேன். அவள் மரியாதையாகத் தலையாட்டினாள். அது விளங்கியதால் வந்த தலையாட்டல் அல்ல என்பது இங்கே வந்த இந்தக் காலத்துக்குள் எனக்குத் தெரிந்திருந்தது.

ஊர்ப் பெயர்கள்தான் புள்ளிகளைச் சேர்க்கின்றன. மானிப்பாய்க்காரர் ஒரு பக்கம், பருத்தித்துறைக்காரர் ஒரு பக்கம். உயிரோடு இருந்தபோது எல்லை வேலிக்காக வழக்குப் பேசியவர்கள்கூட இங்கே தோளோடு தோளாக நிற்கிறார்கள். ஆனால் திரையின் நடுவில், எந்த ஊரோடும் சேராமல் எல்லா ஊர்க்காரரையும் கொஞ்சம் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டு ஒரு பெரிய கூட்டம் இருந்தது. ஹெலன் அதில் விரலை வைத்தாள். கொழும்பில் இருக்கிற வெள்ளவத்தை என்றேன். "இதுதான் உங்கள் மக்களின் பூர்வீகக் கிராமமா? எல்லோரும் இங்கிருந்துதான் வந்தார்களா?" "இல்லை. இங்கிருந்து ஒருவரும் வரவில்லை. எல்லோரும் இங்கே வந்தார்கள்." அவள் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் இந்த இடத்தை மிகவும் விரும்பியிருக்கிறார்கள்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா இதைக் கேட்டிருந்தால் ஹெலனோடு ஒரு மாதம் கதைத்திருக்க மாட்டார்.

அப்பா ஓய்வுபெற்ற தபாலதிபர். வடக்கே கோண்டாவிலில் இருந்த வீட்டைப் பூட்டி, திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்தபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. சண்டை கொஞ்சம் ஓயும்வரைக்கும் என்றுதான் வந்தோம். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் இரண்டு அறைகள். சுவரில் ஓர் ஆணி அடிக்க அப்பா விடமாட்டார். "போகேக்கை ஆர் கழட்டுறது?" என்பார். அதனால் சாமிப் படங்கள் எல்லாம் கதிரைகளில் சாய்ந்து இருந்தன. யாராவது வீட்டுக்கு வந்தால் பிள்ளையாரைத் தூக்கிக் கட்டிலில் வைத்துவிட்டுத்தான் வந்தவரை இருத்த முடியும். உடுப்புகள் கட்டிலுக்குக் கீழே சூட்கேஸ்களில் கிடந்தன. அலுமாரி ஒன்று வாங்குவோம் என்று அம்மா கேட்கிற நேரமெல்லாம், "பிறகு கொண்டு போறது கரைச்சல்" என்ற ஒரே பதில்தான் வரும். நான் வளர்ந்து, வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகும் அந்தச் சூட்கேஸுக்குள்ளிருந்துதான் சேலை எடுத்துக் கட்டினேன்.

பொலிஸ் பதிவுக்குப் போகிற நாட்களில் அப்பாவோடு நானும் போவேன். வீட்டில் இருப்பவர்கள் யார், எந்த ஊர், ஏன் வந்தார்கள் என்று பதிய வேண்டும். மேசைக்குப் பின்னால் இருப்பவர், "கொளம்ப ஆவே மொகடத?" என்பார், கொழும்புக்கு ஏன் வந்தீர்கள் என்று. அப்பாவுக்குச் சிங்களம் வராது. ஆனால் இந்தக் கேள்விக்கு வேண்டிய பதிலை மட்டும் உச்சரிப்புப் பிசகாமல் பாடமாக்கி வைத்திருந்தார். "தாவகாலிகய், மாத்தயா." தற்காலிகம், ஐயா. வருஷங்கள் போயின, மேசைக்குப் பின்னால் ஆட்கள் மாறினார்கள், அப்பாவின் பதில் மாறவில்லை. ஒருமுறை ஒருவர் பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, "தாமத் தாவகாலிகத?" என்றார். இன்னும் தற்காலிகம்தானா? அந்த மனிதர் பகிடியாகத்தான் கேட்டார். அப்பா சிரிக்கவில்லை. "ஓம்" என்று தமிழிலேயே சொன்னார்.

அம்மா அப்படியே எதிர்ப்புறம். வந்த வருஷமே சந்தையில் மீன்காரர் இவருக்கு இன்ன மீன் என்று எடுத்து வைக்கிற அளவுக்குப் பழகிவிட்டார். கீழே கடை வைத்திருந்த முஸ்லிம் நானா, அம்மாவின் தலையைக் கண்டதும், "ஒங்களுக்குப் பிஞ்சுக் கத்தரிக்கா வேறயா எடுத்து வெச்சிருக்கேன்" என்று குரல் கொடுப்பார். பக்கத்துப் பாமன்கடைப் பகுதியில் ஒரு சிங்கள அம்மாவிடம் போய்க் கேக்குக்கு ஐசிங் போடப் பழகினார். பாஷை பாதி, கைப்பாஷை பாதி. கோண்டாவிலில் சொந்தபந்தங்களுக்குள் தலையை நிமிர்த்த நேரமில்லாமல் இருந்த மனிசி, வெள்ளவத்தையில்தான் தனக்கென்று ஒரு பின்னேரத்தைக் கண்டுபிடித்தார் என்று நினைக்கிறேன். குண்டு வெடித்த நாட்களில் பயந்தோம், சுற்றிவளைப்பு நடந்த நாட்களில் கதவைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அதெல்லாம் உண்மை. ஆனால் மற்ற நாட்களும் இருந்தன. ரயில் போகும்போது வீட்டுக் கண்ணாடிக் கிளாஸ்கள் கிணுகிணுக்கும். உப்புக் காற்றில் யன்னல் கம்பிகள் துருப்பிடித்துக் கையில் ஒட்டும். வெள்ளிக்கிழமை கோயிலால் வருகிற வழியில், சூடாக ரோல்ஸ் வாங்கி வீதியிலேயே நின்று சாப்பிடுவேன். இந்த நிலக்கீழ் அறையில் இருந்துகொண்டு நான் ஏங்குவது அந்த ரோல்ஸுக்கும் அந்தத் துருவுக்கும்தான்.

படித்து முடித்ததும் கொட்டாஞ்சேனையில் ஒரு பத்திரிகை அலுவலகத்தின் விளம்பரப் பிரிவில் வேலை கிடைத்தது. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். இடையில் சோதனைச்சாவடியில் இறக்கி, அடையாள அட்டை பார்த்து, நடக்கவிட்டு ஏற்றுவார்கள். மரண அறிவித்தல் கொடுக்க வருபவர்களிடம் கேட்டு எழுதுவது என் பொறுப்பு. அழுத முகத்தோடு பெயரை, பெற்றாரை எல்லாம் மளமளவென்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள், வதிவிடம் என்றதும் நின்றுவிடுவார்கள். "வெள்ளவத்தையெண்டு எழுதுங்கோ தங்கச்சி... முன்னாலை தற்காலிகமெண்டும் போடுங்கோ." பலர் சொல்லி, கடைசியில் நான் கேட்காமலே எழுதப் பழகினேன். அப்பாவையும் அம்மாவையும் வெள்ளவத்தையில் விட்டுவிட்டு நான் தனியே இங்கே வந்தபோது, அந்த அனுபவத்தைச் சொல்லித்தான் இந்த வேலையும் கிடைத்தது.

ஒருநாள் ஹெலன் புதிய யோசனையோடு வந்தாள். எல்லா அறிவித்தலிலும் வருகிற சொற்களை மென்பொருளிடம் சொல்லிக் கழித்துவிட்டால் படம் இன்னும் தெளிவாகுமாம். அடிக்கடி வருகிற சொற்களின் பட்டியலில் தற்காலிக என்ற சொல்லைக் காட்டி, அதன் அர்த்தம் என்ன என்று கேட்டாள். சொன்னேன். "இவ்வளவு பேரும் தற்காலிகமா? அப்படியென்றால் இந்தச் சொல் ஒன்றையும் சொல்லவில்லை. இது வெறும் இரைச்சல்." வேலை ரீதியாக அவள் சொன்னது சரி. எனக்கோ கோபம் வந்தது. இந்தச் சொல்லை எழுதச் சொன்னவர்களின் முகங்கள் எனக்குத் தெரியும். "அதை மட்டும் கழிக்காதே" என்றேன். ஏன் என்று கேட்டாள். என் ஆங்கிலம் அந்த இடத்தில் தீர்ந்துபோய்விட்டது.

இங்கே கலியாண வீடுகளில் கேட்கிற முதல் கேள்வி, "பிள்ளை எந்த ஊர்?" வெள்ளவத்தை என்று உண்மையைச் சொன்னால், "அது சரி, சொந்த ஊர்?" என்று அடுத்தது வரும். அதனால் நான் கோண்டாவில் என்று சொல்லிப் பழகிவிட்டேன். அந்த ஊரில் எனக்கு இப்போது ஞாபகம் இருப்பது ஒரு பள்ளிக்கூட மதிலும் ஒரு பெரிய பலாமரமும்தான். மனம் திரும்பிப் போவதெல்லாம் அப்பா ஆணி அடிக்கவிடாத அந்த இரண்டு அறைகளுக்குத்தான். இதைச் சபையில் சொன்னால் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

அப்பாவுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது என்று தெரிந்த நாட்களில் நான் அடிக்கடி தொலைபேசியில் கதைத்தேன். என் அகதி விண்ணப்பம் இன்னும் முடியவில்லை. வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாது. இது அப்பாவுக்கும் தெரியும், வா என்று ஒருநாளும் கேட்கவில்லை. ஒன்றை மட்டும் கேட்டார். "பிள்ளை, நீதானே இதுகள் எழுதிறனி. என்ரை அறிவித்தலிலை வெள்ளவத்தையைப் போட்டிடாதை. தற்காலிகமெண்டும் போடாதை. நான் கோண்டாவிலிலை பிறந்து கோண்டாவிலிலை இருந்தனான். அவ்வளவுதான்." நான் ஓம் என்றேன். செத்துப்போகிற கதை கதைக்காதையுங்கோ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பா அதைக் கதைத்த விதம், வீட்டைப் பூட்டித் திறப்பைக் கொடுக்கிற மாதிரி இருந்தது.

இரண்டு கிழமை கழித்து அம்மா தொலைபேசி எடுத்தார். நான் நூலகத்தில், மேசையில் இருந்தேன். பின்னேரம் கடற்கரைக்குப் போய்விட்டு வந்து, தேத்தண்ணி கேட்டு, அது வருவதற்குள் அப்பா போய்விட்டார். அம்மா அழுது முடிந்ததும், அறிவித்தலை நீயே எழுதி அனுப்பு, அடுத்த பத்திரிகையில் வர வேண்டும் என்றார். நான் அப்பா சொன்னதைச் சொன்னேன்.

"அப்ப நான் எங்கை சீவிச்சனான்?" என்று அம்மா கேட்டார். "இவ்வளவு காலம் ஆருக்குச் சமைச்சனான்? அந்த மனிசன் ஒரு நாள் விடாமல் கடற்கரைக்குப் போய் இருந்திட்டு வந்தவர். ஆரும் தற்காலிகமாய்க் காத்து வாங்குவினமே? கீழ்க்கடை நானா கடையைப் பூட்டிப்போட்டு வந்து நிக்கிறார். பாமன்கடை அம்மா என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறா. இவையளுக்கு நான் என்ன சொல்லுறது? இந்த வீடே இல்லையெண்டோ?"

அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், அம்மாவின் முழுச் சீவியம் மற்றப் பக்கம். அந்த இரண்டு அறைகளை அழித்தால் என் இளவயதையும் சேர்த்து அழிக்க வேண்டும் என்பதும் தெரிந்தது. அப்பாவின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாத நான், அவருக்குச் செய்யக்கூடிய ஒரே கிரியையான இதிலும் பிழைவிடப் போகிறேனோ என்று பயந்தேன். கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு வந்து இருந்து, ஒன்றுக்கு இரண்டாக எழுதினேன். கொழும்புப் பத்திரிகைக்கு அனுப்பியதில் கோண்டாவிலைப் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்டவர் என்று போட்டேன், தற்காலிகம் இல்லாமல். அது அம்மா வாசிப்பதற்கு. இங்கத்தைய பத்திரிகைக்கு, கோண்டாவிலைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்டவர் என்று எழுதினேன். அப்பாவின் ஊர்க்காரர் முக்கால்வாசிப் பேரும் இப்போது இங்கேதான் இருக்கிறார்கள். அது அப்பாவுக்கு.

அந்தக் கிழமைப் பத்திரிகைகள் பிறகு எங்கள் மேசைக்கும் வந்தன. மற்றவர்களுடையதை ஏற்றியதுபோல அப்பாவினுடையதையும் ஏற்றினேன். ஒரு புள்ளி திரையின் ஓரத்தில், கோண்டாவில்காரரோடு போய் நின்றது. மற்றது நடுவிலே, வெள்ளவத்தைக் கூட்டத்துக்குள் நுழைந்தது. ஹெலன் என் குடும்பப் பெயரைப் பார்த்துவிட்டு என் தோளைப் பிடித்தாள். பிறகு மெதுவாக, "ஒரே ஆள் இரண்டு இடத்தில் வந்திருக்கிறார். ஒன்றை நீக்க வேண்டும். எது சரியானது?" என்று கேட்டாள்.

"இரண்டும்" என்றேன். இந்தமுறை அவள் ஏன் என்று கேட்கவில்லை. கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருந்தாள்.

இரண்டு புள்ளிகளையும் ஒவ்வொன்றாக அமத்தி, எழுத்துப் பிழை ஏதும் விட்டேனா என்று பார்த்தேன். பெற்றார் சரி, அம்மாவின் பெயர் சரி. அன்புத் தந்தையும் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. வதிவிடத்துக்காக அவ்வளவு அழுத நான், எழுதும்போது அந்த இடத்தில் ஒரு கணம்கூடத் தயங்கியிருக்கவில்லை. இரண்டு அறிவித்தலிலும் என் பெயருக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், கனடா என்று போட்டிருந்தேன். தற்காலிகம் என்றுகூடப் போடவில்லை.