மாடு ஜெயித்த நாள்

என் நாத்தனாரைப் பூங்காவில் எல்லோரும் 'தலைக்காரி' என்றுதான் கூப்பிடுவார்கள். தலைக்கனமும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். அங்கேயே டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து பதினோரு வருஷமாகப் பார்க்கிறேனே. ஆனால் பெயர் வந்தது வேலையால். உலகத்துக் கதைகளில் வரும் வீரர்களும் அரக்கர்களும் எங்கள் பூங்காவில் ஃபைபர் சிலைகளாக நிற்கிறார்கள். வாராவாரம் பூங்காவுக்கு விடுமுறை நாளில் அத்தனை தலைகளையும் திருகிக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, மறுபடி மாட்டுவது அவள் பொறுப்பு. எந்தத் தலை எந்த உடம்புக்கு என்று கழுத்துக்குள் சாக்பீஸால் எண் போட்டிருப்பாள்.

போன மாதம் பறக்கும் குதிரைக்கு இறக்கையை முன்பின்னாக மாட்டிவிட்டாள். இன்னொரு தப்பு நடந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அவள் புருஷனோ வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறான்.

பயத்தில் அந்த வாரம் தலைகளைத் தேய் தேய் என்று தேய்த்தாள். கழுத்துக்குள்ளும் தேய்த்தாள். எண் எல்லாம் நுரையோடு போயிற்று. எனக்குத் தெரியாத தலையா என்று ஞாபகத்திலேயே மாட்டினாள்.

எல்லாம் சரி, ஒரு ஜோடியைத் தவிர. மாட்டுத்தலை மனிதனைக் கீழே தள்ளி வீரன் வாளை ஓங்குகிற சிலை அது. மறுநாள் காலை வாளை ஓங்கியிருந்தது மாடு. வீரன் அதன் காலடியில் முழித்துக்கொண்டு கிடந்தான்.

முதலில் பார்த்தது நான். உண்மையைச் சொன்னால் உள்ளுக்குள் மனசு கொஞ்சம் குளிர்ந்தது. அவளைக் கூட்டிவந்து காட்டினேன். அவள் ஓடிப்போய் மாட்டுத்தலையைப் பிடித்துத் திருகப் பார்த்தாள்; நானும் குனிந்து வீரன் தலையைப் பிடித்தேன். கழற்றி மாட்ட நேரமில்லை. மேனேஜர் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு வந்துவிட்டார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் ஒரு வாண்டு கைதட்டியது. "இன்னிக்கு மாடு ஜெயிச்சிருச்சு!"

மற்றப் பிள்ளைகளும் தட்டினார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, சாயங்காலமே தலையை மாற்றச் சொன்னார். சனிக்கிழமை ஆபீஸுக்கு வரவும் சொன்னார்.

மறுநாளிலிருந்து அந்தப் பிள்ளைகள் அப்பா அம்மாவை இழுத்துக்கொண்டு வந்தார்கள். மாடு எப்போது ஜெயிக்கும் என்று கவுண்டரில் என் உயிரை எடுத்தார்கள். கேட்ட ஒவ்வொருவரையும் மேனேஜர் அறைக்கே அனுப்பிவைத்தேன். நாத்தனாருக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

சனிக்கிழமை அவள் அழுத முகத்தோடு போய் நின்றாள். மேனேஜர் தலையைச் சொறிந்தார்.

"இனிமே ஒரு வாரம் வீரன், ஒரு வாரம் மாடு. ஆனா யாரு ஜெயிக்கப் போறாங்கன்னு முன்னாடியே எங்கிட்ட சொல்லிடணும்மா."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அது மாட்டுறப்பதான் சார் எனக்கே தெரியும்."