இன்னொன்று கேட்கும் பூவம்மாள்

ஆம்பூர்ச் சந்தையில் வளையல்காரனிடம் நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொள்கிறாள் பூவம்மாள். "ஒண்ண மட்டும் காட்டி நல்லாக்குதான்னு கேட்டா இன்னாத்த சொல்றது? பக்கத்துல இன்னொண்ண வைய்யி." பச்சைக்குப் பக்கத்தில் அவன் சிவப்பை வைக்கிறான். பார்த்துவிட்டுப் பச்சையையே வாங்குகிறாள். கத்தரிக்காயானாலும் புடவையானாலும் இதே வழக்கம்தான். பெண் பார்க்க வந்தவரை எதிரே வைத்துக்கொண்டு, "வேற யாரும் இல்லியா?" என்று கேட்டவள் இவள். கேட்டுவிட்டு அவரையே கட்டிக்கொண்டாள். அந்தக் கேள்வியை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

வீடு பாலாற்றங்கரைச் சேரியில். ரஷீத் அஹமது சாயபுவின் தோல் தொழிற்சாலையில், சுண்ணாம்பில் ஊறிய தோலின் மயிரை அலசிக் காயவைக்கும் வேலை. விரல் நுனிகள் வெந்து வெளுத்திருக்கும். "அந்த நாத்தந்தான் சோறு போடுது" என்பாள், குறைப்படாமல்.

இப்போது சாயபு புதிதாகச் சுண்ணாம்புக் குழிகள் வெட்டப் பஞ்சாயத்து போர்டில் மனுப் போட்டிருக்கிறார். இடம், சேரிக் கிணற்றை ஒட்டிய மேடு. குழித் தண்ணீர் மண்ணில் இறங்கினால் முதலில் கெடுவது அந்தக் கிணறு. ஊர்க் கிணற்றில் சேரியின் வாளி இறங்க ஊரார் விடமாட்டார்கள். தண்ணீர் விஷயத்தில் மட்டும் பூவம்மாளுக்கு இன்னொன்று கிடையாது.

ஊருக்குக் கீழே ஒரு பொட்டல் காலியாகக் கிடக்கிறது. அங்கே குடியும் இல்லை, கிணறும் இல்லை. அதன் எல்லையில் பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்டின் தென்னந்தோப்பு இருக்கிறது.

ஆட்சேபணை கேட்ட அன்று, போர்டு வாசற்படிக்கு வெளியே நின்று சொன்னாள்: "குழி வாணான்னு சொல்லல சாமி. பொட்டல்ல வெட்டட்டும்."

பிரசிடெண்டு கோபப்படவில்லை. "எங்க முன்னாடி இருக்கிறது இந்த இடத்துக்கான மனு. இது ஆகுமா ஆகாதான்னுதான் பாக்கலாம். வேற இடம் இதைவிட நல்லதான்னு பாக்கச் சட்டத்துல வழியில்ல, போ."

"ரெண்டையும் பாக்காம இது ஆகும்னு எப்டி சாமி தெரியும்?"

சாயபு தாடியைத் தடவினார். "எங்க குட்த்தாலும் எனக்குச் சரிதான் பூவம்மா. இதுக்கு மனுப் போட்டாச்சே. மாத்தினா மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். ஜாஸ்தி பேஜாரு."

ஒரு மனுவை அதனளவில் பார்ப்பதில் நியாயம் உண்டு. இல்லாவிட்டால் நாட்டில் யாரும் ஒரு சுவர்கூட எழுப்ப முடியாது. ஆனால் பொட்டலுக்கு மனுப் போட ஏன் சாயபுவுக்குத் தோன்றவில்லை? அவர் தென்னந்தோப்பையும் பார்த்திருக்கிறார், சேரிக் கிணற்றையும் பார்த்திருக்கிறார். இரண்டையும் ஒப்பிடும் வேலை அவர் மனத்துக்குள் அப்போதே முடிந்துவிட்டது. அந்த விசாரணைக்குப் பூவம்மாளை யாரும் கூப்பிடவில்லை.

நேற்று இடம் பார்க்க வந்தார்கள். பிரசிடெண்டு உட்காரச் சாயபுவின் ஆட்கள் கிணற்று மேட்டில் நாற்காலி போட்டிருந்தார்கள்.

"பொட்டலையும் ஒரு எட்டு வந்து பாத்துடுங்க சாமி."

"அது மனுவில இல்ல" என்றார் பிரசிடெண்டு, வண்டியிலிருந்து இறங்கியபடியே. அந்தத் திசையில் முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

பூவம்மாள் முந்தானையைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்தாள். காலி நாற்காலியைத் தூக்கி அதன்மேல் ஏற்றிக்கொண்டு, பொட்டலைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள்.