பொர்ராவில் இறங்கவில்லை

ஊர் திரும்பிப் பத்து நாளாகியும் எனக்குக் கோபம் தீரவில்லை. தெருவில் யாராவது "விசாகப்பட்டினம் போனீங்களாமே, குகை எப்படி இருக்குது?" என்று கேட்டால் வெடுக்கென்று உள்ளே போய்விடுகிறேன். பார்த்திருந்தால்தானே சொல்வதற்கு.

எங்கள் வீட்டில் நெய்வது கோர்வைப் பட்டு. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டையும் தறியிலேயே கோத்துச் சேர்க்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. தறிக்குழியில் கால் வைத்து மிதிப்பவர் என் கணவர். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கரைக்கு, குறுக்கிழை ஓட்டும் நாடாவை விடுகிறவள் நான். அவர் மிதித்துவிட்டு "ம்" என்பார், நான் விடுவேன். "ம்" வருவதற்கு முன்னால் விட்டால் இழை கெடும், அவரிடம் திட்டு விழும். கல்யாணமான மறுமாதம் அங்கே உட்கார்ந்தேன். இருபத்திரண்டு வருஷமாகிறது. வாலாஜாபாத்தில் இருக்கும் அம்மா வீட்டில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் தங்கினாலே, தறி சும்மா கிடக்குது என்று போன் வந்துவிடும்.

அந்தக் குகையை எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அக்கா தன் போனில் காட்டினாள். ரயில் மலைமேல் ஏறுகிறது, சுரங்கம் சுரங்கமாக நுழைந்து வெளியே வருகிறது, கடைசியில் ஒரு கோபுரமே உள்ளே நிற்கலாம் என்கிற உயரத்தில் குகை. சொட்டுச் சொட்டாக விழுந்த தண்ணீரே கல்லாகிக் கூரையிலிருந்து தொங்குகிறது. அதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் வாய்விட்டுக் கேட்ட முதல் பயணம் அது. அமாவாசைக்கு எப்படியும் தறி ஓடாது. அதோடு முன்னும் பின்னும் நாள் சேர்த்துக் கிளம்பினோம்.

விசாகப்பட்டினத்தில் காலையில் அரக்கு மலையூருக்குப் போகும் ரயிலில் ஏறினோம். வழியில் பொர்ராவில் இறங்கிக் குகையைப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் திரும்பி, சாயந்தரம் சென்னை ரயிலைப் பிடிப்பதாக ஏற்பாடு. பெரிய பெரிய கண்ணாடி வைத்த பெட்டி. மலை ஏறத் தொடங்கியதும் பள்ளத்தாக்கு காலடிக்கே வந்துவிட்டது. எல்லோரும் ஜன்னலைப் பார்க்க, என் வீட்டுக்காரர் மட்டும் எதிர் சீட்டுப் புடவையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒரு அம்மாள். மாம்பழ மஞ்சள் உடல், மயில்கழுத்துக் கரை.

"எங்க எடுத்ததுமா இது?"

"காஞ்சிபுரத்துல. பையன் முதல் சம்பளத்துல வாங்கிக் கொடுத்தான்."

"கோர்வைன்னு சொன்னாங்களா? முந்திய கொஞ்சம் திருப்பிக் காட்டுங்கம்மா."

அது கோர்வை இல்லை என்று எனக்கும் ஏறும்போதே தெரியும். தெரிந்ததையெல்லாம் சொல்லியாக வேண்டுமா? அவர் கரை சேரும் இடத்தில் விரல் வைத்துத் தடவினார். "இது மிஷின்ல ஓட்டினதும்மா. நல்லா ஏமாத்தி அனுப்பிட்டாங்க." அந்த அம்மாளின் முகம் செத்துவிட்டது. முந்தியை இழுத்து மடியில் சுருட்டிக்கொண்டாள். இவர் விடவில்லை. தன் போனை எடுத்து, எங்கள் தறியில் நெய்த புடவைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, அசல் எப்படி இருக்கும் என்று பாடம் நடத்தினார். வெளியே அருவி போனது. நான் முழங்கையால் இடித்தேன். இடித்தது அவருக்கு உறைக்கவே இல்லை.

ரயில் பொர்ராவில் நின்றது. பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

"ஏங்க, எறங்கணும்."

"இரும்மா, இவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு வரேன்."

நின்றேன். கைக்குழந்தைக்காரி கூட என்னை ஒதுக்கிக்கொண்டு இறங்கினாள். ஒரு படி, அவ்வளவுதான் பிளாட்பாரம். பர்ஸ் என்னிடம், என் போனும் என்னிடம். ஆனால் கால் எழவில்லை. முதுகுக்குப் பின்னால் அவர் குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். நிலையத்தின் பெயர்ப்பலகை மெதுவாக நகர்ந்தது. அப்போதுதான் ரயில் கிளம்பிவிட்டதே தெரிந்தது.

அவர் ஓடிவந்தார். "அதுக்குள்ள எடுத்துட்டானா! ஏன், நீயாவது எறங்கி இருக்கலாமில்ல?"

அந்த வார்த்தைக்கு அவரை அங்கேயே பிடித்துத் தள்ளியிருப்பேன்.

ரயில் ஏற்கெனவே தாமதம். அரக்கில் இறங்கி மறுபடி குகைக்குப் போனால் சென்னை ரயில் போய்விடும். நேரே பஸ் ஏறினோம். "வுடும்மா, அதான் போன்ல பாத்துட்டியே" என்று காபி வாங்கி நீட்டினார். வாங்கவில்லை. அவர்மேல் கோபம் ஒரு பங்கு என்றால், அந்த வாசலில் மரம் மாதிரி நின்றவள்மேல் மூன்று பங்கு. எதற்கு நின்றேன் என்பது பஸ்ஸில் பாதி வழியில்தான் புரிந்தது. அவருடைய "ம்" வரவில்லை. அதனால் நின்றேன்.

ஊருக்கு வந்த மறுநாள் காலை தறியில் உட்கார்ந்தோம். அவர் மிதித்தார். "ம்" என்றார்.

நாடா என் கையிலேயே இருந்தது.

"ம்."

"அடுத்த அமாவாசைக்குப் பொர்ராவுக்கு டிக்கெட் போடுங்க."

"மறுபடியுமா? ரெண்டு பேரும் அவ்ளோ தூரம் போவணுமா?"

"எனக்கு மட்டும்."

மிதியிலிருந்து காலை எடுக்காமல் என்னையே பார்த்தார். இன்னொரு தரம் "ம்" சொல்லிப் பார்த்தார். நான் நாடாவை விடவில்லை.