லெப்ட் விங் கதிரை

இது நடந்தது. அல்லாஹ் மேல் ஆணையாக நடந்தது. அன்று அந்த அறையில் என்னோடு பத்துப் பேர் இருந்தார்கள். யார் எங்கே இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

1935 ஜூலை 14, ஞாயிறு. கண்டியில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடி. அதுதான் எங்கள் உதைபந்தாட்டக் கிளப்பின் அறை. மைதானத்தில் நிற்கும் ஒழுங்கிலேயே கூட்டத்திலும் கதிரை போடுவது எங்கள் வழக்கம். சுவரோரம் கோல்காரன் றிஸ்வி, என் சாச்சாவின் மகன்; என்னை அண்ணன் முறையில் காக்கா என்பான். அவனுக்கு முன்னால் பெக் ஆடும் பிலிமத்தலாவைச் சகோதரர்கள் இருவர். அடுத்த வரிசையில் மூவர், நடுவில் கப்டன் தனபாலன். முன்வரிசையில் ஐந்து கதிரை, நான்கில் ஆள். ஜன்னலோரத்து லெப்ட் விங் கதிரை மட்டும் காலி. அந்த இடத்தில் ஆடுகிறவனுக்குக் காய்ச்சல். செயலாளர் ஹபீல் ஆகிய நான், ஒரு பக்கமாக மேசையில்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பெயர் கூப்பிட்டால் வாயால் பதில் சொல்ல மாட்டோம். பலகைத் தரையில் குதிகாலால் இரண்டு தட்டு. டக் டக். கீழே கடைக்காரர் ஏசுவார். நாங்கள் விடுவதில்லை.

அன்று கிளப்பின் பத்து வருட வரலாற்றை வாசித்து அச்சுக்குக் கொடுக்க வேண்டும். எழுதியவன் நான். அதில் ஒரு வரி மட்டும் எட்டு வருடமாக என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

சண்முகநாதன் எங்கள் பழைய லெப்ட் விங். நாங்கள் வெறுங்காலோடு ஆட, அவன் ஒருவன்தான் சப்பாத்துப் போட்டு ஆடியவன். 1927 செப்டெம்பர் 18, இறுதி ஆட்டத்தில் ஒரு பெனல்டியை வெளியே அடித்தான். கப் கைவிட்டுப் போனது. அரை மணி நேரம் கழித்து, மைதானத்துக்குப் பின்னாலிருந்த வாய்க்காலில் கிடந்தான். வாயெல்லாம் இரத்தம். இரண்டாம் நாள் இறந்து போனான்.

"கல்லுல வழுக்கி விழுந்தான்னு எழுதுங்க செக்ரட்டரி," என்றார் அப்போதும் கப்டனாக இருந்த தனபாலன்.

எழுதினேன். அந்த மாதம் மழையே இல்லை. வாய்க்கால் காய்ந்து கிடந்தது. வழுக்குவதற்கு அங்கே ஈரம் இல்லை. அது எனக்குத் தெரியும்.

அவனுடைய தாய் சுப்பம்மா கடுகண்ணாவையில் இருக்கிறார். எழுதத் தெரியாதவர். வருடத்துக்கு ஒருமுறை யாரையாவது பிடித்துக் கடிதம் எழுதுவிப்பார். 'எம் புள்ள எப்படிச் செத்தான்? நடந்தத எழுதுங்க ஐயா.' ஒவ்வொரு முறையும் அந்த வரியையே பதிலாக அனுப்பினேன். இனி அது அச்சிலும் ஏறப்போகிறது.

மாலை 5.40. வெளியே மழை. ஜன்னல் பூட்டியிருந்தது. 1927ஆம் ஆண்டுப் பக்கத்துக்கு வந்தேன். அந்த இறுதி ஆட்டத்தின் பெயர்ப்பட்டியல். பெயர் கூப்பிட்டே பழகிய நாக்கு. ஆஜர் எடுப்பது போலவே வாசித்துவிட்டேன். நான் செய்த பிழை அதுதான்.

"என்ன காக்கா, பள்ளிக்கூடமா நடத்துறீங்க?" என்றான் றிஸ்வி. எல்லோரும் சிரித்தார்கள்.

"வாசிக்கட்டும்டா. பழைய ஆளுங்க இருந்தா தட்டுங்க," என்றார் தனபாலன். தன் பெயர் வந்ததும் அவரே தட்டினார். டக் டக்.

"லெப்ட் விங், சண்முகநாதன்."

டக்... டக்.

ஜன்னல் பக்கமிருந்து.

"எவன்டா அது?" தனபாலன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"நாங்க இல்ல கப்டன்," என்றான் பெக் சகோதரரில் மூத்தவன். யாருமே அசையவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

காலிக் கதிரையின் கீழே, பலகையில், கொஞ்சம் செம்மண். ஈரச் செம்மண். கூட்டம் தொடங்கும்போது அது இல்லை.

"மேல வாசிங்க, செக்ரட்டரி."

5.46. வாசித்தேன். "வாய்க்கால் கல்லில் வழுக்கி விழுந்து..."

க்ர்ர்ர்... அந்தக் கதிரை பின்னால் நகர்ந்தது. உட்கார்ந்திருந்தவர் எழும்பினால் நகருமே, அப்படி.

பிறகு நடை. டொக்... டொக்... டொக்... முன்வரிசையைச் சுற்றி வந்தது. சப்பாத்துக் காலின் சத்தம். நாங்கள் எல்லோரும் செருப்பைப் படியடியில் கழற்றிவிட்டு வந்தவர்கள்.

தனபாலனுக்கு முன்னால் நின்றது.

"எப்படி விழுந்தான், கப்டன்?" கேட்டது நான். எட்டு வருடம் கேட்காததை எப்படிக் கேட்டேனோ!

"வழுக்கித்தான்..."

படார்!

அவருடைய முழங்கால் பின்பக்கமாக மடிந்தது. எலும்பு முறிந்தது எல்லோருக்கும் கேட்டது. கதிரையோடு சரிந்தார்.

"வழுக்கித்தான்டா விழுந்தான்!"

படார்! வாயில். மூன்று பல் என் மேசைக்குக் கீழே உருண்டு வந்தது.

றிஸ்வி பாய்ந்து அவரைப் பிடித்தான். ஏதோ ஒன்று அவனைத் தூக்கிச் சுவரில் அடித்தது. முன்வரிசை முழுவதும் வாசலுக்கு ஓடியது. கதவு திறக்கவில்லை.

பிறகு வயிற்றில். ஒன்று. இரண்டு. மூன்று... ஒவ்வோர் உதைக்கும் அவர் உடம்பு தரையை விட்டு எழும்பி விழுந்தது. உதைத்த காலை யாரும் காணவில்லை.

இரத்தம் பலகை இடுக்கில் இறங்கியது.

"சொல்லுங்க கப்டன்!" கத்தினேன். "உண்மையச் சொல்லுங்க!"

"நாந்தான்... நாந்தான் உதைச்சேன்... பெனல்டிய விட்டுட்டான்னு... வயித்துல..."

நின்றது.

5.52.

டொக்... டொக்... ஜன்னல் பக்கம்.

கதிரை முன்னால் நகர்ந்தது.

கதவு தானாகத் திறந்தது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் தனபாலன் இறந்தார். வேறு ஒரு வார்த்தையும் பேசவில்லை. "சப்பாத்துக் காலால் மிதித்தது யார்?" என்று டொக்டர் எங்களைக் கேட்டார்.

"பொலிசுக்கு என்னத்த சொல்ற காக்கா? பேய் உதைச்ச எண்டா?" என்றான் றிஸ்வி. அவன் கை கட்டுப்போட்டுத் தொங்கியது. "மாடிப்படியில வழுக்கி விழுந்த எண்டு எழுதுங்க."

எழுதினேன். கூட்ட அறிக்கையிலும் எழுதினேன். மறுபடியும் அதே வார்த்தை.

மறுநாள் விடிய 4.50. சுபஹுத் தொழுகைக்கு ஒளு செய்யக் குந்தினேன். இடது முழங்காலுக்குக் கீழே வலித்தது. விளக்கைக் கிட்டக் கொண்டு வந்தேன். தோலில் கன்றிப்போன வட்டங்கள். சப்பாத்தின் அடியில் குமிழ்கள் இருக்கும் ஒழுங்கில். குமிழ் ஆறு இருக்க வேண்டும். வட்டம் ஐந்துதான் இருந்தது.

கிளப்பிலும் ஆட்டக்காரரிடமும் உள்ள சாமான்களைப் பதியும் பழைய புத்தகத்தைத் தேடி எடுத்தேன். 1927. என் கையெழுத்து. 'சண்முகநாதன், இடது சப்பாத்து, குமிழ் ஒன்று இல்லை.'

அன்றே ரயிலேறிக் கடுகண்ணாவைக்குப் போனேன். சுப்பம்மா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். அந்தச் சப்பாத்து எங்கே என்று மட்டும் கேட்டேன்.

"அதுவா? ஆசையா வாங்குனது. கால்லயே மாட்டி விட்டுத்தானே ஐயா பொதைச்சோம்." கோடாலியைக் கீழே வைத்தார். "ஏன் கேக்குறீங்க? எம் புள்ளையப் பத்தி ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லித் திரும்பினேன். எழுதியே பழகியவன் நான். வீட்டுக்கு வந்து எழுதினேன்.

'உங்கள் மகன் வழுக்கி விழவில்லை. கப்டன் தனபாலன் உதைத்துக் கொன்றார். சந்தேகம் எனக்கு அன்றே இருந்தது. இருந்தும் எட்டு வருடம் உங்களுக்குப் பொய் எழுதியவன் நான். தனபாலனும் படியில் விழவில்லை. இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள்.'

கையெழுத்திட்டேன். தேதி போட்டேன். பசை தடவி ஒட்டி, முத்திரையும் ஒட்டினேன். விடிந்ததும் தெருமுனைத் தபால் பெட்டிக்குப் போனேன். தெருவில் யாரும் இல்லை. உறையைப் பெட்டியின் வாய்க்குள் தள்ளி விட்டேன்.

விழுந்தது. டக்.

நான் போட்டது ஒரு கடிதம்தான்.

டக்.