யாரும் கைதட்டாத நூறு

லேத்காரருக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. பட்டறையில் இன்னொருவர் அளந்து கொடுத்த இரும்பைத் தானும் ஒரு தடவை அளக்காமல் லேத் மிஷினில் மாட்டமாட்டார். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். மனைவி கடைக்குப் போய்வரக் கொஞ்சம் தாமதமானால் போதும், எந்தக் கடை, அங்கே யார் யார் நின்றார்கள் என்று துருவி எடுத்துவிடுவார். அப்படிப்பட்ட மனிதர் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தால் எப்படி இருக்கும்!

வந்த சம்பந்தமோ அதே பட்டறைப் பெயிண்டரின் மகன். மகளுக்கு அவனைப் பிடித்திருந்தது. பெயிண்டரோடு லேத்காரருக்குப் பல வருஷப் பழக்கம், அத்தனை வருஷச் சண்டையும்கூட. டெஸ்ட் கிரிக்கெட்டிலேயே பெரிய இன்னிங்ஸ் எது? வெளிநாட்டில், பந்து எகிறுகிற பிட்ச்சில் ஓப்பனர் அடித்த இருநூறு என்பது லேத்காரர் கட்சி. உள்ளூரில், விரல் உடைந்த கையோடு கேப்டன் கடைசி நாள் முழுக்க நின்று அடித்த நூறு என்பது பெயிண்டர் கட்சி. டிபன் டப்பாவைத் திறந்ததும் ஆரம்பித்துவிடுவார்கள். தோற்கப்போகிறோம் என்று தெரிந்தால் பெயிண்டர் ஒரே போடாகப் போடுவார்: "நீங்க பேப்பர்ல படிச்சவரு. நான் கிரவுண்ட்ல உக்காந்து பாத்தவன்."

அந்த ஒரு வார்த்தை இப்போது லேத்காரரைக் குடைந்தது. அது வெறும் அளப்பாக இருந்தால்? பையன் குடிக்கமாட்டான், நிரந்தர வேலை என்று சொன்னதும் இதே வாய்தானே?

மகளின் போனில், கேப்டன் நூறு அடித்த அந்த மேட்ச்சின் பழைய வீடியோ கிடைத்தது. அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்ததில் ஒன்று சிக்கியது. கேப்டன் ஃபோர் அடித்து நூறைத் தொட்டபோது, ஸ்கோர்போர்டில் அவர் பெயருக்கு எதிரே எண்ணைச் சரியாக மாற்றவில்லை. மைதானத்தில் யாருக்கும் தெரியவில்லை, ஒருவரும் கைதட்டவில்லை. அடுத்த ஓவரில் போர்டைத் திருத்திய பிறகுதான் கூட்டம் எழுந்தது. ரேடியோ கேட்டவர்களுக்குத்தான் நூறு உடனே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பெயிண்டர் வீட்டுக்குப் போனார். நாற்காலி போட்டு, காப்பி கொடுத்தார்கள். பையன் பக்கத்தில் நின்றான்.

"அண்ணே, அந்த நூறு வந்தப்ப கூட்டம் என்ன பண்ணுச்சு?" என்று லேத்காரர் வாயைப் பிடுங்கினார்.

"என்ன பண்ணுச்சா? பந்து கோட்டைத் தாண்டுன அந்த நிமிஷமே கிரவுண்டே எழுந்து நின்னுச்சு. எனக்குக் காதே அடைச்சுப் போச்சு."

மாட்டிக்கொண்டார்! லேத்காரர் பையனிடம் திரும்பினார். "தம்பி, நீ சொல்லு. உங்கப்பா அந்த மேட்ச்சுக்குப் போனாரா?"

பையன் அப்பாவைப் பார்த்தான். பிறகு, "போகல மாமா. டிக்கெட் கிடைக்கல. ரேடியோவுலதான் கேட்டாராம், அம்மா சொல்லியிருக்காங்க. மன்னிச்சுக்குங்கப்பா," என்றான்.

பெயிண்டரின் முகம் செத்துப்போனது. அதைப் பார்க்க லேத்காரருக்கே சங்கடமாக இருந்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டார்.

வீட்டில் நடந்ததையெல்லாம் மனைவியிடம் கொட்டினார். "அப்பன் புளுகன்தான். ஆனா பையன் மூஞ்சிக்கு நேரா உண்மையச் சொல்றான். இவனுக்குப் பொண்ணு குடுக்கலாம்."

மனைவி துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "உண்மை பேசுறவன், சரி. சந்தேகப்படாதவனா? அதைக் கேட்டீங்களா?"

அவருக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

"நீங்க கேக்கமாட்டீங்கன்னு தெரியும். நம்ம பொண்ணுகிட்ட நானே கேட்டேன். அவ லேட்டா வந்தா, சாப்பிட்டியான்னு மட்டும்தான் கேப்பானாம்."

லேத்காரர் அவள் மடித்துவைத்த துணிகளை எடுத்து அடுக்கினார். பிறகு, "அப்ப பொண்ணுகிட்ட சரின்னு சொல்லிடு," என்றார். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை.