பேட்டர்னில் யாரும் கை வைக்கவில்லை

ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்து என் பேரக்குழந்தையின் மூக்கையே மாற்றிவிடும் என்று நம்பியவன் நான். சிரிக்காதீர்கள். இருபத்தைந்து வருடம் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. நெஞ்சு மருத்துவர் இன்ஹேலரை எழுதிக் கொடுத்து, "இது செல்லுக்குள்ள போயி, மூச்சுக்குழாய வீங்க வெக்கிற மரபணுக்கள அடக்கி வெக்குமுங்க" என்றார். அதற்குமேல் அவர் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. மரபணுவிலேயே கை வைக்கிறார்களா?

எங்கள் கம்பெனியில் ஒருமுறை டி-ஷர்ட்டின் மூலப் பேட்டர்னில், அதாவது எல்லா சைஸுக்கும் அடிப்படையான வெட்டு வரைபடத்தில், யாரோ கழுத்தளவைத் தொட்டுவிட்டார்கள். அதிலிருந்து வந்த எந்த சைஸிலும் தலை நுழையவில்லை. அந்த யாரோ நான்தான் என்பது இங்கே முக்கியமில்லை.

இன்ஹேலரை வாங்கிச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டு, "ஸ்டாக் இல்லியாமா கண்ணு, ரெண்டு நாள்ல வந்துருமாம்" என்று புளுகினேன். பழையது தீர்ந்திருந்தது. மூன்றாம் நாள் காலை, மாடிப்படியில் பாதியிலேயே அவள் உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சு விசிலடித்தது. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அதே மருத்துவரிடம் ஓடினோம். வழியெல்லாம் அவளைவிட நான்தான் அதிகம் மூச்சு வாங்கினேன்.

முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். மூச்சு சீரானதும் மருத்துவர், "மருந்த நிறுத்திப் போட்டீங்களா?" என்றார். சட்டைப்பையிலிருந்து பிரிக்காத டப்பாவை எடுத்து நீட்டினேன்.

மகள் அதைப் பார்த்தாள். "ஸ்டாக் வந்துருச்சுங்களாப்பா?"

என் பயத்தைக் கொட்டினேன். மருத்துவர் சிரிக்கவில்லை. "ஏனுங்க மாஸ்டரு, கொழந்தைக்கு ஆபத்து இந்த மருந்துல இல்லீங்க. அம்மாவுக்கு மூச்சு கொறஞ்சாத்தான்."

மகள் எங்கள் கம்பெனியிலேயே கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடுகிறவள். அவள் விடுவாளா?

"ஏனுங்கப்பா, நாம பேட்டர்ன் ஃபைலையா துணிமேல வெச்சு வெட்டறோம்?"

"இல்ல கண்ணு. மார்க்கர்னு தாள்ல பிரிண்ட் எடுத்துத்தான்."

"வெட்டுனதுக்கப்பறம் அந்தத் தாளு?"

"துணியோடவே துண்டு துண்டாப் போயிரும்."

"செல்லுலயும் அதேதானுங்க. ஃபைலு உள்ள பத்திரமா இருக்குது. பிரிண்ட்டு மட்டுந்தான் வெளிய வருது. இந்த மருந்து வீக்கத்துக்கான பிரிண்ட்டக் கொறைக்குது. ஃபைல யாருந் தொடலீங்கப்பா, நீங்க தொட்டாத்தான் உண்டு."

"அந்தப் பிரிண்ட்டுக்குப் பேருதானுங்க ஆர்.என்.ஏ. அதப் பாத்துத்தான் செல்லு புரதம் தயாரிக்குது. வேலை முடிஞ்சா அதையுஞ் சிதைச்சுப் போடும்" என்றார் மருத்துவர்.

அவள் கண்ணயர்ந்தபின் பக்கத்தில் உட்கார்ந்து என் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருத்துவர் சொன்னபடி, இந்தத் தோலின் செல்லுக்குள் கண்ணுக்கான பேட்டர்னும் இருக்கிறதாம், ஈரலுக்கானதும் இருக்கிறதாம். ஆனால் இங்கே அவை பிரிண்ட் ஆவதில்லை. எதை எப்போது நகலெடுப்பது, எதை மூடிவைப்பது என்பதையெல்லாம் மரபணுக்களின் வாசலில் வந்து உட்காரும் புரதங்கள் பார்த்துக்கொள்கின்றனவாம். எங்கள் கம்பெனியில் சூப்பர்வைசர், போன், கத்தல் எல்லாம் இருந்தும் சிவப்பு டி-ஷர்ட் உடம்புக்கு நீலக் கழுத்துப்பட்டி போய்விடும். மகளின் வயிற்றுக்குள்ளோ, ஒற்றைச் செல்லில் தொடங்கி, ஒரே ஃபைலை எல்லாச் செல்லுக்கும் கொடுத்து, ஒரு பக்கம் இமையும் ஒரு பக்கம் விரலும் சத்தமில்லாமல் தயாராகியிருந்தன. தொழில்காரனாக எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அன்றே அந்த டப்பாவைப் பிரித்து அவள் கையில் கொடுத்தேன். பிரசவம் வரை காலையும் மாலையும் விடாமல் உறிஞ்சினாள். அதன்பின் மூச்சுத்திணறல் வரவில்லை. மாதம் நிறைந்து சுகப்பிரசவம் ஆனது. பெண் குழந்தை.