ஜெபவீட்டுச் சாம்பல்

போன வருஷம் மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து நான் உலை வைத்த நேரத்தில், எங்கள் ஜெபவீட்டை எரித்தார்கள்.

பிரியமானவர்களே, எனக்கு மேடை ஏறிப் பேசிப் பழக்கமில்லை. தறி வீட்டில் தரையில் உட்கார்ந்து பேசித்தான் பழக்கம். முன்னே பின்னே சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நடந்ததை நடந்தபடியே சொல்வேன். என் லட்சணத்தையும் சேர்த்தே சொல்வேன்.

என் பெயர் கிருபா குமாரி. காஞ்சிபுரத்தில் செவிலிமேட்டுக்குக் கடைசியில், பாலாற்றுப் பக்கம் எங்கள் சந்து. அங்கே பதினொரு குடும்பம் சேர்ந்து ஒரு ஜெபவீடு கட்டியிருந்தோம். சவுக்குக் கம்பு, கீற்றுத் தடுப்பு, மேலே தகரம், கீழே கோரைப்பாய். அவ்வளவுதான். ஆனால் எங்களுக்கு அது அரண்மனை.

பாவு பிணைப்பது என் தொழில். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகள். தறியில் பழைய பாவு முடிந்ததும், புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையின் நுனியோடு சேர்த்து முறுக்க வேண்டும். ஒரு பாவுக்கு நாலாயிரம் இழைக்கு மேல். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டால்தான் பட்டு வழுக்காமல் பிடிபடும். அதனால் என் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் எப்போதும் வெளுத்தே இருக்கும். சபைக்குப் புதிதாக வருகிறவர்கள், இந்த அம்மா விபூதி பூசிக்கொண்டு வருகிறாரே என்று பாஸ்டர் ஐயாவின் காதில் ஓதுவார்கள். அவர் சிரிப்பார். நான் சிரிக்க மாட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இது சோறு போடுகிற சாம்பல், வேண்டுமானால் நீங்களும் பூசிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

சொல்ல வந்த கதைக்கு வருகிறேன். அதற்கு முந்தின வாரம், உடம்பு முடியாத ஒரு பெண் ஜெபிக்கச் சொல்லிக் கேட்டு எங்களிடம் வந்தாள். ஜெபித்தோம், கஞ்சி கொடுத்தோம், போய்விட்டாள். அதை யாரோ போனில் எடுத்து, நாங்கள் ஆள் பிடிக்கிறோம், மிரட்டி மதம் மாற்றுகிறோம் என்று பரப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாற்பது ஐம்பது பேர் வந்தார்கள். பாதிப் பேரை நான் பார்த்ததே இல்லை. மீதிப் பேர் கர்ச்சீப்பால் முகத்தைக் கட்டியிருந்தார்கள். தெரிந்த முகம் என்பதால்தான் கட்டியிருக்கிறார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

ஜெபவீடு பற்றி எரிந்தது. என் வீட்டுக்காரரும் பாஸ்டர் ஐயாவும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, சிலர் சந்துக்குள் திரும்பினார்கள். எங்கள் சபையில் தறி வைத்திருப்பது மூன்று வீடு. அதில் ஒன்று எங்களுடையது. நான் வாசலை மறித்து நின்றேன். கதவைத் தள்ளினார்கள். நிலைக்கும் கதவுக்கும் நடுவில் என் வலது கட்டை விரல் மாட்டிக்கொண்டது. எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்கே கேட்டது.

உள்ளே போனவர்கள் பாவை அறுத்தார்கள். மூன்று வீட்டிலும் அறுத்தார்கள். பாதி நெய்த பட்டு, தறியிலேயே தொங்கியது. நெசவுக்காரர் வீட்டில் ஓடும் பாவை அறுப்பது என்றால் என்ன என்று உங்களில் தறி அறிந்தவர்களுக்குத் தெரியும். நான் விளக்க மாட்டேன். என்னால் முடியாது.

போலீஸ் வந்தது, எழுதிக்கொண்டு போனது. பயம் மட்டும் போகவில்லை. இரண்டு குடும்பங்கள் மறுநாளே வீட்டைப் பூட்டிக்கொண்டு சொந்தக்காரர் ஊருக்குப் போய்விட்டன. அடுத்த ஞாயிறு, கருகிய தரையில் வெயிலில் உட்கார்ந்தோம். நான்கு குடும்பம்தான் வந்திருந்தது. பாஸ்டர் ஐயா பிரசங்கம் பண்ண எழுந்து நின்றார், பைபிளைத் திறந்தார், மூடிவிட்டு உட்கார்ந்துவிட்டார். சென்னையில் தம்பி வீட்டுக்குப் போய்விடலாம் என்று என் வீட்டுக்காரரே சொல்ல ஆரம்பித்தார். தறி ஓடாத ஊரில் என்ன வேலை என்று கேட்டார். இன்னும் ஒரு வாரம் தறி இப்படியே நின்றால் சபை என்று ஒன்று இருக்காது. அது எல்லாருக்கும் தெரிந்தது.

பிணைக்க வேண்டியவள் நான். என் கட்டை விரலில் மாவுக்கட்டு.

அன்றைக்கு எல்லாரும் சமாதானத்துக்காக ஜெபித்தார்கள். நான் என்ன ஜெபித்தேன் என்று சொல்லட்டுமா? "ஆண்டவரே, இதை அறுத்தவன் எவன் என்று எனக்குக் காட்டும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்." இதுதான் என் ஜெபம். அதோடு விட்டேனா? எழுந்து போய் பாஸ்டர் ஐயாவிடம், இனி பெரிய காஞ்சிபுரத்துக் கோயில் தெரு வீடுகளில் ஒரே ஒரு இழைகூடப் பிணைக்க மாட்டேன், இது சத்தியம் என்றேன். இருபது வருஷமாக எனக்குச் சோறு போட்ட தெரு அது. அவர் என் கட்டைப் பார்த்தார்.

"மொதல்ல விரல் ஆறட்டும்மா. அப்புறம் சத்தியம் பண்ணலாம்" என்றார்.

எனக்கு இன்னும் கோபம் வந்தது. எரிந்த இடத்துச் சாம்பலை இடது கையால் வாரி, ஒரு பால்பவுடர் டப்பா நிறைய அடைத்தேன். ஆளைக் கண்டுபிடித்ததும் ஸ்டேஷனுக்குப் போய், இதுதான் எங்கள் ஜெபவீடு என்று மேசைமேல் கொட்டுவது என்று முடிவு பண்ணினேன். மூன்று நாள் உபவாசம் இருந்தேன். பட்டினி கிடந்து பழிக்காக ஜெபித்தவள் உங்களில் யாராவது உண்டா? நான் இருந்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம், அறுந்த தறிக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் திரும்பவே மனம் வராமல் இருந்தவள், அன்றைக்குத்தான் உற்றுப் பார்த்தேன்.

இழைகளெல்லாம் ஓடிவரும் சீப்பு மாதிரியான பன்னையை ஒட்டி அறுத்திருந்தால், ஒவ்வொரு இழையையும் முதலிலிருந்து கோத்து ஏற்ற வேண்டும். மாதக்கணக்கில் தறி எழுந்திருக்காது. கோபத்தில் வந்தவன் கைக்கு எட்டுகிற இடமும் அதுதான். ஆனால் பாவு அங்கே அறுபடவில்லை. இழைகள் கோத்த இடத்துக்கெல்லாம் பின்னால், சரியாக ஒரு சாண் நுனி விட்டு அறுபட்டிருந்தது. பிணைக்கத் தோதாக. மற்ற இரண்டு வீட்டுக்கும் ஓடிப் போய்ப் பார்த்தேன். அங்கேயும் அதே ஒரு சாண். அறுத்தவன் நெசவுக்காரன்.

இன்னொன்றும் பார்த்தேன். மூன்றிலும் வெட்டு இடப்பக்கமாகச் சரிந்திருந்தது. அந்தக் கோணல் வெட்டு எனக்குத் தெரியும். அந்தக் கோயில் தெருவில் கோமளா அக்கா வீட்டில் எத்தனையோ தடவை அதை நேராக்கிவிட்டுத்தான் பிணைக்க உட்கார்ந்திருக்கிறேன். கோமளா அக்காவின் தம்பி மூர்த்தி இடது கைக்காரன். உன் கத்திகூடக் குடித்துவிட்டு வருமா என்று நான் கேலி பண்ணுவேன், அவனும் சிரிப்பான்.

அல்லேலூயா என்று கத்திவிட்டேன். வீட்டுக்காரர் பயந்து ஓடிவந்தார். கேட்டேன், காட்டிவிட்டார், பார்த்தீர்களா என்றேன். ஆனால் அந்த அல்லேலூயா சுத்தமான அல்லேலூயா இல்லை.

மறுநாள் காலையில் டப்பாவை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன். சந்து முனையில் இரண்டு ஆட்டோ வந்து நின்றது. முதலில் இறங்கியவர் கோமளா அக்கா. நெற்றி நிறைய விபூதி, கையில் சாம்பல் கிண்ணம். அவர் பின்னால் அந்தத் தெருப் பெண்கள், ஆண்கள் என்று எட்டுப் பேர். எல்லாரும் பிணைக்கத் தெரிந்தவர்கள். கடைசியாக, தலையைக் குனிந்துகொண்டு மூர்த்தி.

"உன் வெரலு ஒடிஞ்சதும் தெரியாது, பாவ அறுத்ததும் தெரியாது குமாரி. நேத்துதான் கேள்விப்பட்டேன்" என்றார் கோமளா அக்கா. "எங்க வூட்டுப் பாவெல்லாம் நீ பிணைச்ச. உன் பாவு அறுந்து கெடக்க நாங்க தறியில குந்திக்கினு இருக்கலாமா? இவன் வரமாட்டேன்னான். நான்தான் இழுத்துக்கினு வந்தேன். வா, தறிய காட்டு."

பெயர் என் நாக்கு நுனியில் இருந்தது. ஒரு வார்த்தை போதும். கர்த்தர் என் வாயைக் கட்டினார் என்று இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு நான் நினைத்தது வேறே. முதலில் வேலை முடியட்டும், சாயந்திரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்படிப்பட்டவளையும் அவர் உபயோகப்படுத்தினார் பாருங்கள்.

ஒரு தறிக்கு மூன்று பேர் உட்கார்ந்தார்கள். மூர்த்தி எங்கள் வீட்டுத் தறியில், அவன் அறுத்த தறியிலேயே உட்கார்ந்தான். சந்தில் ஆட்கள் கூடினார்கள். ஊரை விட்டுப் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்த இன்னொரு குடும்பம் மூட்டையை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தது. எங்கள் சபைப் பெண்கள் டீ போட்டார்கள். முதலில் யாரும் யாரோடும் பேசவில்லை. அப்புறம் டீயில் சர்க்கரை போதவில்லை என்று கோமளா அக்கா சண்டை பிடித்தார். அதற்கப்புறம் எல்லாரும் பேசினார்கள்.

மத்தியானத்துக்குள் கொண்டுவந்த சாம்பல் தீர்ந்துவிட்டது. எங்கள் சந்தில் எல்லா வீட்டிலும் கேஸ் அடுப்பு, பிணைக்கப் போகிற வீட்டில் கொடுக்கிற சாம்பல்தான் எனக்கும்.

"சாம்பல் இருக்குதா குமாரி?" என்று கேட்டார் கோமளா அக்கா.

என் கையில் டப்பா இருந்தது. காலையிலிருந்து கீழே வைக்கவே இல்லை. ஒரு பழைய வேட்டித் துணியில் சலித்து, கிண்ணங்களில் கொட்டினேன். மூர்த்தி விரலால் தொட்டு எடுத்தான். நல்ல மெல்லிய சாம்பலாக இருக்கிறதே, எது என்று பக்கத்தில் இருந்த அம்மா கேட்டார்.

"எங்க ஜெபவூடு" என்றேன்.

மூர்த்தியின் கை நின்றது. விரலைப் பார்த்தான். துடைக்கவும் இல்லை, இழையைத் தொடவும் இல்லை.

"நான்தாங்க்கா அறுத்தேன்" என்றான். "மூணையும் அறுடான்னு கத்திய என் கையில குடுத்தானுங்க. பன்னைகிட்ட அறுத்தா தறி எழுந்திருக்காதுன்னு அவனுங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒரு சாண் வுட்டுதான் அறுத்தேன். அறுக்கமாட்டேன்னு சொல்றதுக்குத்தான் தைரியம் வரலக்கா."

கோமளா அக்கா எழுந்த வேகத்தில் கிண்ணம் உருண்டது. தம்பியின் தலைமுடியைப் பிடித்துவிட்டார், கை ஓங்கிவிட்டார். பிரியமானவர்களே, நான் மூன்று நாள் பட்டினி கிடந்து கேட்டது அந்தக் காட்சியைத்தான். கண்முன்னால் நடந்தது. பார்க்க முடியவில்லை. குறுக்கே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அடிக்காதீங்கக்கா. இன்னும் எழுநூறு இழை இருக்குது" என்றேன். பிறகு அவனைப் பார்த்துச் சொன்னேன். "எனக்கு நேத்தே தெரியும் மூர்த்தி. மிச்சத்த முடி. முடிச்சுட்டு ஸ்டேஷனுக்கு நீயே போய்ச் சொல்லு. நான் சொல்லமாட்டேன்."

அழுதுகொண்டே பிணைத்தான். ஒரு இழையும் தப்பவில்லை. சாயந்திரம் கடைசி இழை பாக்கி இருந்தபோது என்னைக் கூப்பிட்டான். பழைய நுனியை நான் இடது கையால் பிடித்துக்கொண்டேன், அவன் முறுக்கினான். எங்கள் இரண்டு பேர் விரலிலும் ஒரே சாம்பல். அன்றைக்கு நான் உள்ளுக்குள்ளே சொன்ன அல்லேலூயா சுத்தமான அல்லேலூயா.

மறுநாள் காலையில் மூர்த்தி ஸ்டேஷனுக்குப் போனான். ஒரு பக்கம் கோமளா அக்கா, ஒரு பக்கம் பாஸ்டர் ஐயா. தன் பெயரை முதலில் சொல்லிவிட்டு, வீடியோவைப் பரப்பியவன், நெருப்பு வைத்தவன் எல்லார் பெயரையும் சொன்னான். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அவனும் ஜாமீனில்தான் இருக்கிறான். நாங்கள் மன்னித்தது உண்மை, சட்டம் தன் வேலையைச் செய்வதும் நியாயம். இரண்டிலும் எனக்குக் குழப்பமில்லை.

அந்த வாரமே மூன்று தறியும் ஓடின. அந்தச் சத்தம் சந்தில் கேட்டபோது என் வீட்டுக்காரர் சென்னைப் பேச்சை விட்டுவிட்டார். மூட்டை கட்டியவர்கள் பிரித்தார்கள். பூட்டிக்கொண்டு போன இரண்டு குடும்பமும் பங்குனி முடிவதற்குள் திரும்பி வந்தன. இரும்புக்கடை பாய் ஒரு வண்டி நிறையத் தகரம் அனுப்பினார், நோன்பு மாதத்தில் தானே வந்து இறக்கிவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். கூரை போட்ட அன்று ஏணிமேல் நின்று ஆணி அடித்தது மூர்த்தி. கோணலாகத்தான் அடித்தான். நான் சொல்லிக் காட்டினேன். அவ்வளவு நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் சிரித்தான்.

சபைகளில் என்னைக் கேட்கிறார்கள், மூர்த்தி ஞானஸ்நானம் எடுத்துவிட்டாரா என்று. இல்லை. நாங்கள் கேட்கவுமில்லை. அவன் ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போகிறான், நெற்றியில் விபூதி வைக்கிறான், என் கட்டு பிரிக்கிற வரைக்கும் வாரா வாரம் வந்து நான் ஒப்புக்கொண்ட பாவுகளையெல்லாம் பிணைத்துக் கொடுத்தான். கட்டு பிரித்ததும் நான் முதலில் பிணைத்தது யார் வீட்டுப் பாவு தெரியுமா? கோமளா அக்கா வீட்டுப் பாவு. என் சத்தியத்தை ஆண்டவர் அன்போடு குப்பையில் போட்டார்.

பழிக்காக ஜெபித்தவள் நான். ஜெபித்தது தப்பு என்று அவர் என்னைத் தள்ளிவிடவில்லை. கேட்டதைக் காட்டினார், காட்டிய இடத்தில் என்னையும் மாற்றினார். உங்களுக்கும் வீடு எரிந்திருக்கலாம், மனசு அறுந்திருக்கலாம். அழகாக ஜெபிக்க வரவில்லையே என்று நிற்காதீர்கள். கோபம் இருந்தால் கோபத்தோடே போய் முழங்கால் போடுங்கள். அறுந்ததை அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், பிணைப்பதற்கு நுனி விட்டு வைத்திருக்கிறார். நம்புங்கள்.

ஒன்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறேன். அந்தப் பிணைப்பு நெய்யும்போது துணிக்குள் வந்துவிட்டது. சேலைக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. அதை விற்க முடியாது. பாவு கொடுத்த பட்டுக்கடை முதலாளி அந்தத் துண்டுகளை எங்களுக்கே கொடுத்துவிட்டார். அரக்கு, பச்சை, கத்தரிப்பூ, மூன்றையும் சேர்த்துத் தைத்து ஜெபவீட்டில் பீடத்துக்கு விரித்திருக்கிறோம். செவிலிமேடு பக்கம் வந்தால் உள்ளே வாருங்கள். அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். இழுத்தும் பாருங்கள். விடாது.